மரச்சீனி வோட்கா

கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பில் தேறியவனைக் கொஞ்ச காலத்துக்கு அடுப்புப் பக்கம் விடவே கூடாது. என்னை விட்டார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். வீடு கரமனை அக்கிரகாரத்தில். டில்லியிலிருந்து லீவில் வந்திருந்த என் அக்கா புருஷர், ஏதோ தூதரக விருந்தில் ஒரே ஒரு தடவை வோட்கா குடித்துவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார் (அம்மா காதில் விழாமல்தான்).

"உறிஞ்சப்படாதுடா. ஜில்லுன்னு சின்னக் கிளாஸ்ல, ஒரே மடக்கு. உடனே உப்பு வெள்ளரிக்காய் ஒரு கடி. அதெல்லாம் உனக்கெங்கே தெரியப்போறது!"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

"என்ன அத்திம்பேர் பிரமாதம்? உருளைக்கிழங்கைப் புளிக்க வெச்சுக் காய்ச்சினா வோட்கா. மரச்சீனியிலும் மாவுதானே இருக்கு? நானே பண்றேன்."

அம்மாவிடம் 'காலேஜ் பரிசோதனை' என்று சொல்லிவிட்டு, கொல்லை விறகுக் கொட்டகையில் இறங்கினேன். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, வேகவைத்து மசித்தேன். மாவைச் சர்க்கரையாக்க முளைகட்டின கேழ்வரகுப் பொடி. சர்க்கரையைச் சாராயமாக்கக் கொஞ்சம் கள்ளு. (தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தவர் அத்திம்பேர்.) கிழங்கு ஆறிய பிறகு இவற்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? கொதிக்கக் கொதிக்கக் கலந்தேன். நுரைக்க வைக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் அங்கேயே சிவலோகப் பிராப்தி அடைந்தன. மிச்சத்தை மாவடு போட்ட பீங்கான் பரணியில் ஊற்றி மூடி வைத்தேன்.

சில நாள் கழித்து, பித்தளைத் தவலையும் செப்புக் குழாயுமாகக் காய்ச்சத் தொடங்கினேன். அடி பிடித்தது. சொட்டியதைத் தேங்காய்ச் சிரட்டைக்கரியில் வடிகட்டினேன். கருப்பாக வந்தது. மறுபடி துணியில் வடிகட்டினேன். ஒரு வாய் குடித்துப் பார்த்த அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டு, "டில்லியிலே வேற மாதிரி இருந்ததுடா" என்றார்.

அப்போதுதான் வாசலில் அம்மாவின் குரல்: "வாங்கோ, வாங்கோ!"

எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாகர்கோவில்காரர், முன்னறிவிப்பில்லாமல் மாப்பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார். அவர் இன்ஸ்பெக்டர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பையன் எங்கே? கள்ளச் சாராயம் பிடிக்கற எக்சைஸ்ல இருக்கறவன் நான், சொல்லாமக் கொள்ளாமப் போய்த்தான் பழக்கம்" என்று அவர் சிரிப்பது கேட்டது. அத்திம்பேர் கொல்லைக் கதவைத் திறந்து ஆற்றங்கரைக்கு ஓடினார். (சந்தியாவந்தனமாம், காலை பதினோரு மணிக்கு!)

"மாமி, எங்கேயோ கோடா வாசனை வரதே? சாராயம் காய்ச்சப் புளிக்க வெப்பாளே, அது" என்றபடி மூக்கைப் பின்தொடர்ந்து அவர் நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். கையில் கிளாஸோடு நான் நின்றேன். பின்னால் அம்மா. வேலை போச்சு, கல்யாணம் போச்சு, ஜெயில்தான் என்று முடிவு கட்டினேன்.

"என்ன இது?"

"வோ... வோட்கா, சார்."

கிளாஸை வாங்கி முகர்ந்தார். முகம் கோணியது. கொஞ்சத்தைக் கரண்டியில் விட்டுத் தீக்குச்சி கிழித்துக் காட்டினார். சாராயமாக இருந்தால் பற்றியிருக்கும். குச்சி 'சுஸ்' என்று அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"ஸ்பிரிட்டே இல்லையே ஓய்! ஸ்பிரிட் இல்லே, கேஸும் இல்லே. கொட்டிட்டு வாரும்."

அம்மாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை; அழ ஆரம்பித்தாள். "இந்தச் சம்பந்தம் போனாப் போறது, இவனை மட்டும் காட்டிக் குடுத்துடாதீங்கோ!"

"ஏன் போகணும்? எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன், மாமி. குடிக்கறவன் எவனும் இவ்வளவு கேவலமாக் காய்ச்ச மாட்டான். உங்க பிள்ளைக்குக் குடின்னா என்னன்னே தெரியலே. இனி விசாரிக்க ஒண்ணும் இல்லே. நாள் பாருங்கோ."

தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமனார், "சோதனை போட்டுப் பார்த்துத்தான் பொண்ணு குடுத்திருக்கேன்" என்றார். இப்போது பேரன்கள் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவர்கள் பாட்டிதான் முடித்து வைப்பாள்:

"உங்க தாத்தாவுக்கு அன்னிக்கு ஒழுங்காக் காய்ச்சத் தெரிஞ்சிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."