துலாம் ராசிக்காரனின் தலைத்தீபாவளி

ராசிபலன் படிக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. படித்துவிட்டு அந்தத் தாளிலேயே வடையை வைத்து எண்ணெய் பிழிகிறவர்கள் ஒரு வகை. படித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் பஸ் ஏறினவன். இப்போது திருந்திவிட்டேன் (என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்).

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. மனைவி தேவிகாவுக்குச் சொந்த ஊர் ரத்தோட்டை. ஒரே பஸ், முக்கால் மணி நேரம், சில்லறை இருந்தால் போதும். ஐப்பசி பிறந்ததுமே மாமா, அதாவது தேவிகாவின் அப்பா, தலைத்தீபாவளிக்கு அழைக்க வந்துவிட்டார். எஸ்டேட் ஒபிஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். சம்பளப் பட்டியல் எழுதி எழுதி, பேச்சையும் பட்டியல் மாதிரிச் சுருக்கிக்கொண்டவர். வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

"முதல் நாள் சாயந்தரமே வந்துருங்க மாப்பிள்ளை. விடியக்காலையில ஒங்க தலைக்கு எண்ணெய் வைக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். தலைத்தீபாவளியில் மாப்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைப்பது பெண் வீட்டாரின் உரிமை. தேவிகாவோ ஒரே மகள். ஆக, மாமாவுக்கும் அத்தைக்கும் இந்தச் சந்தர்ப்பம் ஆயுளில் ஒரு தடவைதான் வரும். இது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என் பெருமை.

எங்கள் கடைக்கு வாராவாரம் ஒரு சிங்களப் பத்திரிகை வரும். அந்த வாரம் அதில் ஒரு முழுப் பக்கம்: இந்தப் பருவத்துத் திருவிழாக்களில் யார் எதற்குப் பயணம் போனால் யோகம் என்று. பிக்குகளுக்குக் காவியாடை கொடுக்கிற கட்டினப் பெரஹரா ஊர்வலம், தேர், தீபாவளி எல்லாவற்றையும் போட்டுப் பன்னிரண்டு கட்டத்துக்கும் பங்கு பிரித்திருந்தார்கள். மேலே 'லக்ன' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ராசியைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது என் தீர்மானம். சின்ன வயதிலிருந்தே சிங்களம் பேசுகிறவனுக்கு இதையெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும்? என் ராசி துலாம். நேராக 'துலா' கட்டத்துக்குப் போனேன்.

கிழக்குத் திசைப் பயணம் பகையில் முடியும் என்றிருந்தது. வடக்கே, பாறையும் குளமும் உள்ள ஊரில் நடக்கும் விளக்குத் திருவிழாவுக்குப் போனால் அந்நிய நாட்டாரால் புகழ் உண்டாகும் என்றும் இருந்தது.

மாத்தளைக்குக் கிழக்கே ரத்தோட்டை. வடக்கே சீகிரியா. பாறைக்குப் பஞ்சமா, குளத்துக்குப் பஞ்சமா? என்னோடு படித்த சமிந்த அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டால், வெள்ளைக்காரர்களுக்காக ஹோட்டலிலேயே தீபாவளி கொண்டாடப் போகிறார்கள், குளத்தைச் சுற்றி ஆயிரம் விளக்கு, நீயும் வா மச்சான் என்கிறான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பலன் எழுதினவருக்கு என் வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியாது போலிருந்தது.

தேவிகாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"கிழக்கு ஆகாதா? அப்ப நான் எங்கேயிருந்து வந்தேன்?" என்றாள்.

நீ வந்தது மேற்குத் திசைப் பயணம், அதில் தோஷமில்லை என்று விளக்கம் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கே நான் பேசாமல் ரத்தோட்டை பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மாமாவிடம் பேசிவிட்டேன், ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார் என்று ஒரு பொய்யை அவளிடம் விட்டேன். மாமாவுக்குப் போன் போட்டு, எனக்குக் கடுமையான காய்ச்சல், டொக்டர் மூன்று நாள் எழும்பவே கூடாது என்றுவிட்டார் என்று இன்னொரு பொய். நடுவில் இரண்டு இருமல் வேறு. (காய்ச்சலுக்கு ஏன் இருமினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.) மாமா, "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

தீபாவளியன்று காலை ஒன்பது மணிக்குத் தேவிகாவோடு சீகிரியா ஹோட்டல் முற்றத்தில் நின்றேன். புகழ் உடனே வந்தது. புதுசாகக் கல்யாணமான அசல் தமிழ் ஜோடி என்று சமிந்த மேனேஜரிடம் சொல்லிவிட்டான். நடனமாட வரவேண்டிய கோஷ்டியின் வேன் வழியில் பழுதாகிக் கிடந்ததால், மேனேஜருக்கு எங்களைப் பார்த்ததும் உயிர் வந்தது. தீபாவளிக்கு என்ன செய்வீர்கள் என்று தேவிகாவைக் கேட்டார். மாப்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைப்போம் என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

அடுத்த பத்து நிமிஷத்தில் நான் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தேன். மேலே சட்டையில்லை. கழுத்தில் செவ்வந்தி மாலை. முன்னால் ஒரு சட்டி நல்லெண்ணெய். அதற்கு முன்னால் வரிசையாக வெள்ளைக்காரர்கள். முதலில் வந்தது ஆறடி உயரத்தில் ஒரு அம்மா. மாமியார் ஸ்தானம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல, கண் கலங்க ஒரு கரண்டி எண்ணெயை அப்படியே கவிழ்த்துவிட்டார். அவருக்குப் பின்னால் முப்பது பேர். ஒருவர் கூட எண்ணெயில் குறை வைக்கவில்லை. எண்ணெய் புருவத்தைத் தாண்டி, மீசையைத் தாண்டி, வேட்டி வரைக்கும் இறங்கியது. நானும் கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

ஹோட்டல்காரர்கள் இதை உடனே இணையத்தில் வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. மாமா.

"காய்ச்சல் எப்படி மாப்பிள்ளை?"

பரவாயில்லை மாமா என்று முனகினேன். இருமினேன்.

"காய்ச்சலோட தலையில எண்ணெய் வைக்கக்கூடாதுங்க. அதுவும் அவ்வளவு எண்ணெய்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த வீடியோவை அவருக்குப் போனில் காட்டியிருக்கிறது. போனைத் தேவிகா வாங்கிக்கொண்டாள். ரெண்டு நிமிஷம் கேட்டாள். என் இரண்டு பொய்யும் அந்த இரண்டு நிமிஷத்தில் ஒன்றையொன்று சந்தித்துக் கைகுலுக்கின. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள்.

"எங்க அப்பா விடியக்காலை நாலு மணியிலேர்ந்து எண்ணெயைச் சூடு பண்ணி வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாராம். வருஷா வருஷப் பழக்கத்துல பண்ணிட்டேன்மான்னு சொல்றாரு. நீங்க காய்ச்சல்லே கிடக்கீங்க, வரமாட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தும்."

அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. குளிக்கக்கூட விடவில்லை அவள். தலையில் எண்ணெயோடு தம்புள்ளை பஸ், அங்கிருந்து மாத்தளை பஸ், அப்புறம் ரத்தோட்டை பஸ். என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பஸ் நிற்கிற அடுத்த ஹோல்ட்டிலேயே எழும்பி நின்றுகொண்டார்கள். ஒரு கண்டக்டர் என் கையிலிருந்து காசை வாங்காமல் சீட்டின்மேல் வைக்கச் சொன்னார்.

சாயந்தரம் நாலு மணிக்கு மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமா வாங்க என்றார். தேவிகாதான், இவருக்குக் கிழக்கு ஆகாதாம், பேப்பரில் போட்டிருந்ததாம் என்று போட்டுக்கொடுத்தாள். மாமா உள்ளே போய், பொருத்தம் பார்க்கக் கொடுத்த என் ஜாதகத்தையும் அதே பத்திரிகைப் பக்கத்தையும் எடுத்துவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நம்மளுக்குத்தான் ராசி மாப்பிள்ளை. சந்திரன் நிக்கிற வீடு. சிங்கள ஆளுங்க லக்கினத்தை வச்சுப் பலன் போடுவாங்க. அது பொறந்த நேரத்து வீடு. ஒங்க ராசி துலாம், லக்கினம் மகரம். நீங்க மகரத்தைப் பாத்திருக்கணும்."

மகரத்தில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். கிழக்கே உறவினர் வீட்டில் விருந்து, பெரியோர் ஆசி. வடக்கே போனால் மானபங்கம்.

"நான் போன வாரமே படிச்சிட்டேன். படிச்சிட்டு சந்தோஷமா இருந்தேன்" என்றார் மாமா.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. மன்னிச்சுக்கங்க மாமா என்றேன். அவர் ஜாதகத்தை மடித்து வைத்தார்.

"போய் அந்த எண்ணெயைக் கழுவிட்டு வாங்க. நம்ம எண்ணெயை வச்சிருவோம்."

நாலு தரம் சீயக்காய் போட்டும் போகவில்லை. மிச்சமிருந்த எண்ணெயின்மேலேயே மாமா தன் கையால் மூன்று சொட்டு வைத்தார். அத்தை உச்சியில் தேய்த்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சீயக்காய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பாட்டில் இலை நிறையப் பருப்பும் காய்கறியும்தான் இருந்தன. தீபாவளிக்குக் கறி இல்லாத வீடு நான் பார்த்ததில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லாததால் குனிந்து சாப்பிட்டேன். அப்போது பின்பக்கமிருந்து அத்தையின் குரல்: "மாப்பிள்ளைக்குத் தண்ணி வச்சாச்சா?" என் முன்னால் தண்ணீர் இருந்தது. இருக்கிறது அத்தை என்று சத்தமாகச் சொன்னேன். தேவிகாவுக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கிடாய் கட்டியிருந்தது. தலைத்தீபாவளி விருந்துக்கென்று மாமா வாங்கியது. மாப்பிள்ளைக்கு வாங்கியதால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்றே பேர் வைத்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் அத்தை பதறி, மருமகன் எழும்பி நடந்தால் இந்த உயிரைத் தொடுவதில்லை என்று மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நானோ எழும்பி நடந்தது மட்டுமில்லை, மூன்று பஸ் மாறி வந்து நிற்கிறேன். அம்மனுக்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது?

ஆறு வருஷமாகிவிட்டது. கிடாய்க்குத் தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது, எனக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் ஆளாக ரத்தோட்டையில் போய் நிற்கிறேன். அத்தை உள்ளேயிருந்து "மாப்பிள்ளை, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் மாப்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கிறோம். மாப்பிள்ளைதான் நல்ல ராசிக்காரர் என்கிறாள் தேவிகா. யாரைச் சொல்கிறாய் என்று நான் கேட்பதில்லை.