மாற்று ஆள் இல்லாத அட்டவணை

உலகத்துத் தாய்மார்களின் நேரமெல்லாம் எங்கே போகிறது என்பதை அட்டவணையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சோபாவில் படுத்தபடியே கண்டுபிடித்தார். அது எங்கும் போகவில்லை. அடுக்கப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். அடுக்கிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தாம்தான் என்று அவர் தீர்மானித்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவரே அதைக் குறித்துவைத்ததுதான்.

அவர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். முப்பத்தெட்டுத் தடங்கள், நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்பது அவருடைய பென்சில் முனையில் இருந்தது. வண்டிகள் அந்த நேரத்துக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். அது ஓட்டுநர்களின் குறைபாடு. டிப்போவில் எல்லோரும் அவரை அட்டவணையார் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை. அது கேலி என்று இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்வாள். பதிவான குரல் என்பதால் நடுநடுவே நிறுத்தலாம். சின்னவளுக்கு மூக்குத் துடைக்க ஒரு நிறுத்தம். பெரியவளுக்குப் பென்சில் சீவ ஒரு நிறுத்தம். சின்னவளுக்கு மூன்று வயது, பெரியவளுக்கு ஆறு. அது பள்ளி விடுமுறைக் காலம். ஆகவே நோயாளியின் இதயம் ஒவ்வொரு அறிக்கையிலும் ஏழெட்டுத் தடவை நின்று நின்றுதான் ஓடியது.

இப்போது அவளுக்கு ஒரு மேல்பதவி வாசல்வரை வந்திருந்தது. தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை, டாக்டர் பேசப் பேச அங்கேயே எழுத வேண்டிய வேலை. நிறுத்த முடியாது. இந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் டாக்டருக்குக் கேட்கும். ஆறு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்த இடம் அது. ஒரு சோதனை வைக்கிறார்கள், வியாழக்கிழமை பதினொரு மணிக்குள் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தைக் கேட்டுத்தான் அட்டவணையார் சோபாவில் படுத்து யோசிக்கத் தொடங்கினார். மனிதர் நல்லவர், யோசிப்பதில்தான் கோளாறு.

புதன்கிழமை மாலை அவர் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு பக்கங்கள் இருந்தன. ‘வீட்டிலிருந்து பணிபுரியும் தாய்மார்களுக்கான பதினேழு நடைமுறை யோசனைகள்’ என்று தலைப்பு. தலைப்பின் கீழ் இரட்டைக் கோடு. குழந்தைகளிடம் முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். வேலை நேரத்துக்கென்று தனியாக ஒரு விளையாட்டுப் பெட்டி வேண்டும். அதை மற்ற நேரத்தில் திறக்கக் கூடாது. அறைக் கதவில் சிவப்பு அட்டை தொங்கினால் உள்ளே வரக் கூடாது. இதுவரை எந்த அம்மாவும் ஒத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் டிப்போ தலைகாட்டியது. பால் 9.25. தண்ணீர் 9.40. கழிப்பறை 9.52, இருவரும் ஒரே சமயத்தில். அழுகை 10.10 முதல் 10.13 வரை, அதற்குமேல் நீட்டிப்பு இல்லை.

மனைவி நான்கு பக்கத்தையும் படித்தாள். சிரிக்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“நல்லாத்தாங்க இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். உங்க டிப்போவில எல்லாத் தடத்துக்கும் மாற்று ஆள்னு ஒருத்தர் இருப்பாராமே. இதுல அது யாரு?”

அட்டவணையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்று ஓட்டுநர் குறிக்கப்படாத தடம் எதுவும் அட்டவணையில் ஏறாது. இருபது வருஷமாகப் பிறருடைய தாள்களில் இதே தவறைக் கண்டுபிடித்து, சுழித்து, திருப்பி அனுப்பியவர் அவர். தம்முடைய தாளிலேயே அது இருக்கிறது என்றால் அன்றிரவுச் சாப்பாடு எப்படி இறங்கும்? உடனே பென்சிலை எடுத்தார். மாற்று ஆள்: எதிர்வீட்டு அக்கா. எழுதிவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடமும் சொன்னார். அக்கா பல் ஆஸ்பத்திரியில் மதியப் பணி பார்க்கிறவர். காலையில் வீட்டில்தான் இருப்பார். எதற்கும் தலையாட்டுகிறவர். இதற்கும் ஆட்டினார். எந்தத் திசையில் ஆட்டினார் என்பதை அட்டவணையார் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவாம், காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டு நிதானமாகப் படியிறங்கிப் போனார். அவசரமாகக் கூப்பிடப்பட்டவர் அவ்வளவு நிதானமாகப் போவாரா என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மனைவி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி அறை வாசலில் நின்றாள்.

“மாற்று ஆளும் வரலைன்னா டிப்போவில என்ன பண்ணுவீங்க?”

“அது ரொம்ப அபூர்வம்” என்றார்.

“அபூர்வமா வந்துட்டா?”

“அட்டவணை போட்டவன்தான் போய் நிக்கணும். அவன்தானே பொறுப்பு” என்று கம்பீரமாகச் சொன்னார். சொன்னது தம் காதிலேயே விழுந்தபோது கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

டிப்போ மேலாளரம்மாவுக்குப் போன் போட்டு, மத்தியானம் வருகிறேன் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் அந்த அம்மாள் சரி என்று வைத்துவிட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவருக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் கிடைத்ததில்லை.

ஒன்பதுக்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. சிவப்பு அட்டை தொங்கியது.

முதல் யோசனைப்படி அவர் விளக்கினார். அம்மா உள்ளே முக்கியமான வேலையாக இருக்கிறாள், யாரும் கூப்பிடக் கூடாது. பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தீப்பிடித்தால் கூப்பிடலாமா? கூப்பிடலாம். ரத்தம் வந்தால்? கூப்பிடலாம். எவ்வளவு ரத்தம் வந்தால்? அட்டவணையார் யோசித்தார். அதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்கவில்லை. விளக்கம் முடிந்தபோது பெரியவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவருக்குத்தான் பல விஷயங்கள் குழம்பியிருந்தன.

ஒரு மணி நேரத்துக்கென்று கணக்கிட்ட விளையாட்டுப் பெட்டி ஐந்து நிமிஷத்தில் காலியானது. களிமண் சோபாவுக்குப் போயிற்று. ஒட்டும் படங்கள் அவருடைய முன்கையில் ஏறின. பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்த சின்னவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். கதவு கண்ணில் பட்டது. கதவில் அட்டை.

அந்த வாரம்தான் அவள் நிறங்களைக் கற்றிருந்தாள். மஞ்சளும் பச்சையும் இன்னும் தகராறு. சிவப்பு மட்டும் நிச்சயம். உலகத்தில் எங்கே சிவப்பைக் கண்டாலும் ஓடிப்போய் அதை அம்மாவிடம் அறிவிப்பது அவளுடைய கடமையாக இருந்தது. வாயைத் திறந்தபடி ஓடினாள். அட்டவணையார் பாய்ந்தார். கதவுக்கு ஒரு சாண் இருக்கும்போது இடுப்பைப் பிடித்துத் தூக்கி, வாயைப் பொத்தினார். உள்ளே யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒருவரின் நுரையீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், அதற்குள் ‘சிவப்பு’ என்று ஒரு குரல் விழுந்திருந்தால்? ஆறு வருஷம். அவருக்கு வியர்த்தது.

கையை எடுத்தார். சின்னவளின் கீழுதடு பிதுங்கியது. மணி 9.14. அழுகைக்கு இன்னும் ஐம்பத்தாறு நிமிஷம் இருந்தது. உதடு அட்டவணையைப் படித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. அதனாலேயே அது சரியாக அமைந்தது. மண்டியிட்டார். கைகளை ஊன்றினார்.

“பஸ் வந்திருக்கு” என்று கிசுகிசுத்தார். “ஏறிக்கோ. ஆனா உள்ள எல்லாரும் தூங்குறாங்க. சத்தம் போட்டா இறக்கி விட்டுடுவாங்க.”

உதடு உள்ளே போனது. சின்னவள் முதுகில் ஏறினாள். பெரியவள் நடத்துனர் வேலையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். டிக்கெட்டுக்குத் தாள் வேண்டும் என்று சைகையில் கேட்டாள். அட்டவணையார் சுற்றிலும் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது பதினேழு யோசனைகள்தான். முதல் தாளை உறையிலிருந்து உருவிக் கிழித்துக் கொடுத்தபோது மனசு கொஞ்சம் வலித்தது. மூன்றாவது தாளில் வலிக்கவில்லை.

கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி, அங்கிருந்து மறுபடி கூடம். நிறுத்தமில்லாத இடத்திலெல்லாம் நடத்துனர் விசில் கொடுத்தாள், காற்று மட்டும் வரும் விசில். வழியில் ஒரு துணிப் பொம்மை ஏறியது, பிறகு ஒரு தலையணை, பிறகு பொம்மையின் உறவினர்கள். பால் வேண்டும் என்று தோன்றியபோது பால். கழிப்பறை ஒருத்திக்கு 9.47, இன்னொருத்திக்கு 10.21, முதலாமவளுக்கு மறுபடி அவசரமாக 10.23. மேஜை விளிம்பிலிருந்து ஸ்பூன் ஒன்று நழுவியது. கீழே விழுமுன் அதை அவர் உள்ளங்கையில் பிடித்த விதத்தைப் பார்க்க அங்கே பெரியவர்கள் யாரும் இல்லாதது துரதிர்ஷ்டம். முழங்கால் கெஞ்சியது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய கதவைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். தாம் வரைந்த தடங்களில் வண்டிகள் ஏன் தாமதமாகின்றன என்பது பற்றி அவருக்குச் சில புதிய கருத்துகள் தோன்றின.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தாள். முகம் தெளிந்து பளிச்சென்று இருந்தது. தரையில் நான்கு காலில் நின்ற கணவரையும் அவர்மேல் இருந்த ஒன்பது பயணிகளையும் பார்த்தாள்.

“கிடைச்சிடுச்சு” என்றாள்.

அட்டவணையார் பயணிகளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டார். குழந்தைகள் இப்போது சத்தம் போட்டுச் சிரித்தார்கள். போடட்டும். கண்ணோரம் லேசாக ஈரமாயிற்று. வியர்வை என்று பிற்பாடு சொன்னார். டாக்டர் எப்படிப் பேசினார், வேகமாகவா, நிதானமாகவா என்று கேட்டார்.

“எந்த டாக்டர்?”

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். சோதனை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டதாம். அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தார். அவள் தேறியும்விட்டாள். ஆனால் ஒரு நாளைக்கு அக்காவைக் கேட்கலாம், தினமும் கேட்க முடியுமா? காலையில் குழந்தைகளை நம்பி விட வீட்டில் ஓர் ஆள் இருந்தால்தான் வேலையை ஏற்க முடியும். பார்த்துவிட்டு வியாழன் பதினொன்றுக்குள் பதில் சொல்கிறேன் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே தவணை வாங்கியிருந்தாள். டிப்போ மேலாளரம்மாவிடம் நேற்றே பேசியாகிவிட்டது. அந்த அம்மாளுக்கும் மூன்று பிள்ளைகள். திங்கட்கிழமையிலிருந்து அட்டவணையாருக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட்.

அட்டவணையார் கோபப்பட முயன்றார். முழங்காலில் வலி இருந்தது, முன்கையில் ஒட்டும் படங்கள் இருந்தன, மேலே சின்னவள் இருந்தாள். கோபத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“அப்போ இந்த ரெண்டு மணி நேரமும் உள்ள என்னதான் பண்ணிட்டிருந்தே?”

“தூங்கினேன். ஒரு தடவைகூட முழிப்பு வரலை; அதை வச்சுத்தான் வேலைக்குச் சரின்னு எழுதிப் போட்டேன்.”