வைவாவில் வாயைத் திறந்த தோழன்

டக்... டக்... டட டக்.

நான் கண்ணைத் திறக்கல. நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தவனுக்கு மத்தியானம்தான் நடுச்சாமம். அடுப்படியில கிரைண்டர் ஓடுற சத்தம். அதுக்கு ஊடால இந்த டக் டக். எலி எதையோ கொறிக்குதுன்னு நினைச்சு, திரும்பிப் படுத்துட்டேன்.

எலி இல்ல. ஆனா அது எனக்குத் தெரியவந்தது, தெரியவே கூடாத இடத்துல.

மறுநாள் எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் கோரிப்பாளையத்துல காட்டணும். வரும்போது அரைக் கிலோ உளுந்து வாங்கிட்டு வரணும். அம்புட்டுதான்.

ஃப்ளாப்பியைக் காட்ட வேண்டியது படிப்பு மையத்துல, வைவாவுக்கு, அதான் வாய்மொழிப் பரிச்சைக்கு. ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருசம் ஆகியிருந்த நேரம். நான் சிம்மக்கல்ல ஒரு லாட்ஜுல ராத்திரி ரிசப்ஷன். சாவி குடுக்கணும், தண்ணி வரலைன்னு இறங்கி வர்றவங்ககிட்ட திட்டு வாங்கணும். மிச்ச நேரத்துல படிச்சேன். தபால்ல எம்.எஸ்ஸி, செயற்கை நுண்ணறிவு. நாப்பது தாண்டின பிறகு!

லாட்ஜ் ஓனர் என் புத்தக அட்டையை ஒருநாள் திருப்பிப் பாத்தாரு.

"என்னய்யா இது?"

"மிஷினுக்கு அறிவு வர வைக்கிற படிப்புண்ணே."

"நல்லது. முதல்ல மாடி ரூம்ல அந்த ஃபேன் சுத்த வைக்க ஒரு ஆளைக் கூப்புடு."

ஏன் படிச்சேன்? பாஸானா ஒரு காலேஜ் லேப்ல வேலை தர்றதா சொல்லியிருந்தாங்க. பகல் வேலை! பகல்ல வேலை பாத்துட்டு ராத்திரி தூங்குறது. ஊருல எல்லாரும் சும்மாவே செய்யிற காரியம். எனக்கு மட்டும் அதுக்கு ஒரு முதுகலைப் பட்டம் தேவைப்பட்டுச்சு.

பேப்பர் எல்லாம் எப்படியோ தாண்டிட்டேன். ப்ராஜெக்ட்லதான் ஏற்கெனவே ஊத்திக்கிச்சு. இந்தத் தடவையும் போனா பதிவு காலாவதி, மறுபடி முதல் வருசத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதாவது, சாகுற வரைக்கும் சாவி குடுத்துக்கிட்டே இருக்கணும்.

ப்ராஜெக்ட் பேரு 'தோழன்'. நாம டைப் பண்ணினா அது பதில் பேசும். தமிழ்தான், ஆனா இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும். பதில் தெரியாத கேள்வி வந்தா, "இதுக்கு நான் என்ன சொல்லணும்?"னு நம்மகிட்டயே கேக்கும். சொல்லிக் குடுத்தா ஞாபகம் வச்சுக்கும். நான் அழகா, பதவிசா, "வணக்கம். நலமா?"ன்னு சொல்லிக் குடுத்திருந்தேன்.

வீட்டுல கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டேன். பழைய மிஷின். அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு அதுக்கே தெரியாது. அதனால நான் தூங்கும்போதும் தோழன் முழிச்சுக்கிட்டே இருப்பான். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு எந்தப் பாடப் புத்தகத்துலயும் போடல.

காலையில லாட்ஜுல இருந்து வந்தேன். குளிச்சேன். எல்லாத்தையும் ஃப்ளாப்பியில ஏத்தினேன். ஓட்டிப் பாத்தேனா? இல்ல. போன வாரம் ஓடுச்சே! ஓடுறதை நோண்டக்கூடாதுங்கிறது என் கொள்கை.

வீட்டுக்காரி செல்வி வாசல் வரைக்கும் வந்தா.

"ஏங்க, உளுந்து. முழு உளுந்து. உடைச்சது வேண்டாம்."

"ம்."

"காதுல விழுந்துச்சா?"

"ம்."

ஆரப்பாளையத்துல டவுன் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட். காத்து. அவ்வளவுதான் ஞாபகம்.

யாரோ தோளைத் தட்டுனாங்க. கண்டக்டர்.

"அண்ணே, எந்திரிங்க. மாட்டுத்தாவணி வந்துருச்சு."

"கோரிப்பாளையம்?"

"அது அப்பவே போயிருச்சு. கத்தினேன், நீங்க குறட்டையில பதில் சொன்னீங்க."

ஓடினேன். ஆட்டோ பிடிச்சேன். ஆட்டோக்கார அண்ணன் கோரிப்பாளையம் முக்குல, பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல வண்டியைச் சொருகிட்டு, சாவகாசமா பீடி பத்தவச்சாரு.

"அண்ணே, பரிச்சைக்கு நேரமாச்சுண்ணே!"

அவரு என் நரைச்ச மீசையைக் கண்ணாடியில பாத்தாரு.

"மகனுக்கா?"

"எனக்கு!"

பரிதாபமோ என்னமோ, பீடியை அணைச்சுட்டு ஒரு சந்துக்குள்ள புகுந்து இறக்கிவிட்டாரு.

சட்டை முதுகோட ஒட்டியிருக்க, மாடியேறிப் போனேன். உள்ள ரெண்டு பேரு. மையத்தைப் பாத்துக்கிற மேடம் ஒருத்தங்க. பரிச்சை வைக்க வெளியூர்ல இருந்து வந்த சாரு ஒருத்தரு. சாரு முகத்துல காலையில இருந்தே வெறுப்பு குடியிருந்த மாதிரி தெரிஞ்சது.

"நீங்களும் நூலக மேலாண்மையா?"ன்னாரு.

"இல்ல சார். பேசுற புரோகிராம்."

"அப்பாடா. காலையில இருந்து ஒரே ப்ராஜெக்ட்டை ஆளுக்கொரு அட்டை போட்டுக் கொண்டு வர்றாங்க. போடுங்க, பாப்போம்."

ஃப்ளாப்பி கர்ர்ர்ன்னு இழுத்துச்சு. தோழன் திரையில வந்தான். சாரு தானே உக்காந்து டைப் பண்ணினாரு: வணக்கம்.

தோழன்: "வாங்க, உக்காருங்க. சாப்பிட்டாச்சா?"

நான் சொல்லிக் குடுத்தது இது இல்லையே!

ஆனா சாரு முகம் கொஞ்சம் மலர்ந்துச்சு. "பரவால்லையே. நம்ம ஊரு மரியாதையோட பேசுது."

"ஆமா சார், அதைத்தான் சார் நான்..."ன்னு இழுத்தேன்.

சாரு அடிச்சாரு: உனக்கு என்ன தெரியும்?

தோழன்: "எல்லாம் தெரியும். மொதல்ல கரண்ட் பில்லைக் கட்டியாச்சான்னு சொல்லு."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு கிட்ட வந்தாங்க.

"சார், இது வந்து சார், சோதனைக்காக..."ன்னேன்.

"இருங்க"ன்னாரு சாரு. அடுத்து: நீ எப்படிக் கத்துக்கிறே?

தோழன்: "மாப்ள, மொக்கை போடாத. சோறு வைக்கச் சொல்லு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்! மத்தியானச் சோத்துக்கு வர்ற என் மச்சான் பாண்டி. செல்வியோட அண்ணன். சிம்மக்கல்ல மொத்தக் கடையில மூட்டை கணக்கு பாக்குறவரு. நான் அந்தப் பக்கம் தூங்க, இந்தப் பக்கம் ஆளாளுக்கு உக்காந்து என் ப்ராஜெக்ட்டுக்கு ஞானப்பால் ஊட்டியிருக்காங்க. எலி, எலின்னு நினைச்சேன். எலி மீசை வச்சிருந்திருக்கு.

"மாப்ளங்கிறது என்னையவா?"ன்னாரு சாரு.

"இல்ல சார், என்னைய சார்."

மேடம் கர்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு. நான் மனசுக்குள்ள லாட்ஜ் சாவிக் கொத்தை எண்ண ஆரம்பிச்சுட்டேன். போச்சு. பகல் வேலை போச்சு.

சாரு விடல. திரும்ப அடிச்சாரு: உன்னை உருவாக்கியது யார்?

இதுக்கு நான் என் பேரு, பதிவு எண்ணு எல்லாம் பதவிசா சொல்லிக் குடுத்திருந்தேன். அதுக்கு மேல யாரோ புதுசா எழுதியிருந்தாங்க.

தோழன்: "ஒரு மனுசன். ராத்திரி லாட்ஜுல இருப்பாரு. பகல்ல தூங்குவாரு. முழிச்சிருக்கும்போது ம்முன்னு சொல்லுவாரு."

இது பாண்டி இல்ல.

மேடம் கர்சீப்பை இறக்கிட்டாங்க. சாரு என்னைய ஒரு தடவை பாத்துட்டு, இப்ப மெதுவா, ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சாரு: அவருக்கு என்ன வேணும்?

தோழன் கொஞ்ச நேரம் யோசிச்சான். பழைய மிஷின்ல இருந்து வந்தவன், அப்படித்தான் யோசிப்பான்.

"அவருக்கு என்ன வேணும்னு தெரியல. எனக்கு, அவரு பகல் வேலைக்குப் போனாப் போதும். ராத்திரி கதவைப் பூட்டிட்டுத் தனியா படுக்க பயமா இருக்கு."

நான் திரையைப் பாக்காம ஜன்னலைப் பாத்தேன். கீழ பஸ்ஸுங்க ஆரன் அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னாரு சாரு.

பொய் சொல்ல வாயெடுத்தேன். 'பயனாளர்களிடமிருந்து திரட்டிய தரவு'ன்னு ஒரு வாக்கியம் தயாரா இருந்துச்சு. வெளிய வரல.

"என் வீட்டுக்காரம்மா சார். நடுவுல அவங்க அண்ணனும். நான் தூங்கும்போது. எனக்கே இப்பதான் சார் தெரியும்."

"பாஸானா பகல் வேலை உண்டா?"

"தர்றேன்னு சொல்லியிருக்காங்க சார்."

சாரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "காலையில இருந்து பாத்ததுல காப்பியடிக்காத ப்ராஜெக்ட் இது ஒண்ணுதான். யாரும் காப்பியடிக்கவும் முடியாது. அது கத்துக்கணும்னுதானே செஞ்சீங்க? நல்லாவே கத்துக்கிட்டிருக்கு. நீங்க தூங்குறப்பவே."

"அப்ப... சார்?"

"பாஸ்தான், போங்க. அந்தம்மாவை வைவாவுக்கு அனுப்பியிருந்தா முதல் வகுப்பே போட்டிருப்பேன்."

மேடம் வாசல் வரைக்கும் வந்து, "சார், வீட்டுக்குப் போனதும் ம்முன்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னாங்க.

பஸ்ஸுல இந்தத் தடவை தூக்கம் வரல. பாலத்து மேல போகும்போது, கீழ தண்ணியில்லாத வைகையில மாடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என்ன பேசலாம்னு யோசிச்சேன். 'செல்வி, நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே.' நல்ல வாக்கியம். மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். வைவாவுக்குக் கூட இப்படித் தயார் பண்ணல.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவ கிரைண்டரைக் கழுவிக்கிட்டு இருந்தா.

"என்ன ஆச்சு?"

"பாஸ்."

"நெசமாவா?"

"நீதான் பாஸ். நான் கூட வந்தேன்."

அவளுக்குப் புரிஞ்சிருச்சு. கழுவுற கை நின்னுச்சு. "அய்யய்யோ, அதெல்லாம் படிச்சுக் காட்டுச்சா? எங்க அண்ணன் அடிச்சதுமா?"

"செல்வி, நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா? உங்ககிட்ட சொன்னா ம்முங்கிறீங்க. அதுவாவது 'இதுக்கு நான் என்ன சொல்லணும்'னு திருப்பிக் கேக்குதுல்ல?"

செயற்கை நுண்ணறிவுல முதுகலை. எனக்கு அந்தக் கேள்வியைக் கேக்கத் தோணினதே இல்ல.

அவ என் கையைப் பாத்தா. கையில ஃப்ளாப்பி மட்டும்தான் இருந்துச்சு.

"உளுந்து எங்க?"

"ம்?"

அவ ஆணியில மாட்டியிருந்த மஞ்சப் பையை எடுத்து நீட்டினா.

வாங்கிக்கிட்டு மறுபடியும் படியிறங்கினேன். முழு உளுந்து, அரைக் கிலோ. உடைச்சது வேண்டாம்.