மாமன் விழுந்த காது

ஒரு வூட்டில் சாப்பிட்டதை இன்னொரு வூட்டில் சொல்ல எனக்கு வாய் வராது. கோபித்துக்கொள்வார்களோ என்று ரெண்டு இடத்திலும் சாப்பிட்டு வைப்பேன். இட்லியில் இந்தப் பழக்கம் வயிற்றுவலியோடு போய்விடும். மாத்திரையில் ஆளையே கொண்டுபோகப் பார்த்தது.

எனக்கு ரத்தக்கொதிப்பு. எங்கள் பக்கத்து டாக்டர் பீட்டா பிளாக்கர் என்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். இதயத்தை நிதானமாக ஓட வைக்குமாம். ஒருநாள் மரவள்ளி லோடோடு கள்ளக்குறிச்சி போனபோது நெஞ்சைப் பிசைந்தது. அங்கே வேறொரு டாக்டரிடம் நுழைந்தேன்.

"வேற மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா?" என்றார்.

இன்னொருவரிடம் வைத்தியம் பார்க்கிறேன் என்று ஒரு டாக்டரின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "இல்லீங்க" என்றேன். அவரும் ஒரு நெஞ்சு மாத்திரை எழுதினார். அதுவும் துடிப்பைக் குறைக்கிற ரகம், ரெண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பது அஞ்சாவது படித்த எனக்கு எங்கே தெரியும்? பயப்படுவாளே என்று பெண்டாட்டியிடமும் மறைத்தேன். மூன்று நாள் ரெண்டையும் விழுங்கினேன். தலை சுற்றியது. (வெயில் என்று நினைத்தேன்.)

நாலாம் நாள் எலவனாசூர்கோட்டையில் தங்கச்சி செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் மடியில் குழந்தை. வலது காது முடிந்தது. ஆசாரி இடது காதில் ஊசியை வைத்தார். பந்தல் மெதுவாகச் சாய்ந்தது. (சாய்ந்தது நான்தான்.) குழந்தையை ஆசாரி தாங்கிப் பிடித்துவிட்டார். ஊசி மட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம் எங்கள் பக்கம் ஆம்பளை மயங்கி விழுந்தால் முதலில் வாயைத்தான் மோந்து பார்க்கிறார்கள். சம்பந்தி வூட்டார் வரிசையாக வந்து மோந்தார்கள்.

"அண்ணா, எங்க போய் குடிச்ச? சொல்லிடு அண்ணா!" செல்வி அலறினாள்.

"மோரையே கேட்டு வாங்கிக் குடிக்காத ஆளும்மா அவுரு!" இது என் பெண்டாட்டி.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டாக்டரும் மோந்து பார்த்தார். "சாராயம் இல்ல. ஆனா நாடி இறங்கிக்கினே போவுது. இன்னா மாத்திரை சாப்பிடுறாரு?"

"பிபி மாத்திரை ஒண்ணுதாங்க" என்றாள் பெண்டாட்டி.

"அது மட்டும்னா இவ்ளோ இறங்காதேம்மா. நல்லா யோசிச்சி சொல்லு."

அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்ல? தெரிந்தவன் நான். கண் இருட்டுகிறது, கை சில்லிட்டுவிட்டது. அப்போதும் கூச்சம்! அத்தனை பேர் எதிரில் பொய்யன் என்று தெரிந்துவிடுமே. பேசாமல் செத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

வெளியே செல்வியின் குரல். "எம் பொண்ணு காதுகுத்துன நாளு எங்கண்ணனுக்கு சாவு நாளாப் போவுதே!"

அந்தக் குழந்தை ஆயுசுக்கும் இதைச் சுமக்க வேண்டுமா? நாக்கு புரளவில்லை. கையை வேட்டிக்குள் விட்டு டிராயர் பாக்கெட்டைக் காட்டினேன். நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் ஒளித்து வைத்திருந்த கள்ளக்குறிச்சி மாத்திரை அட்டையை உருவினார். டாக்டர் பார்த்ததும் ஓடினார், ஊசி வந்தது, நெஞ்சில் வயர் வந்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் நாடி ஒரு நிலைக்கு வந்தது.

"அந்த டாக்டரு கேட்டப்பவே சொல்லியிருந்தா இங்க வந்திருக்க வேணாம்யா" என்றார் டாக்டர்.

பெண்டாட்டி ஒரு மாசம் பேசவில்லை.

மருமகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடது கம்மல் வலதைவிட ஒரு நெல் உயரத்தில் தொங்கும். ஏன் என்று யார் கேட்டாலும், "இது எங்க மாமன் விழுந்த காது" என்பாள். என்னைப் பார்த்தால் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு கை நீட்டுவாள்.

"மாமா, எல்லா அட்டையும் காட்டு."

நான் திரும்பி நின்று, டிராயர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டுவேன்.