எழுபத்திரண்டு

அம்மாவின் விரலுக்கடியில் எதுவுமே துடிக்கவில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அது அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம். ரத்தக்குழாய் வைத்தியத்தில் ஃபெலோஷிப் என்கிற மேற்படிப்பில் சேருவது என்று அம்மா முடிவு செய்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் யார் காலும் அவரவருக்குச் சொந்தமில்லை. டிவி பார்த்துக்கொண்டிருப்போம், பாதத்தின் மேல் இரண்டு விரல் வந்து உட்காரும். அப்பா ஷூவோடு சாப்பிடப் பழகிவிட்டார்.

இருப்பது ஒரே இடம். போட்டிக்குப் பத்து டாக்டர்கள். அம்மாவுக்கு இது மூன்றாவது முறை. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

பரீட்சை என்னவோ சின்னதுதான். கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருப்பார். போர்வைக்குள் கையை விட்டு, காலுறைக்கு மேலேயே தொட்டு, இடது பாதத்தில் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று எழுத வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது.

அம்மாவுக்கு முன்னால் போன ஒன்பது பேரும் என் எதிரில்தான் நின்றிருந்தார்கள்.

"எழுபத்திரண்டு. உங்களுக்கு?"

"எழுபத்தஞ்சு போட்டேன்."

"கிட்டத்தட்ட அதேதான். தொட்ட உடனே கிடைச்சிருச்சு."

நான் எழுந்து கதவருகே போனேன்.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றார் உள்ளே பெரிய டாக்டர். அவர்தான் பரீட்சை எடுப்பவர்.

"கிடைச்சிருச்சு சார்! நூத்திப் பதினெட்டு!"

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அம்மா இன்னொரு கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இல்ல சார். இது என்னோடது. பயத்துல என் விரல்தான் துடிக்குது."

இதற்குப் பிறகு நான் செய்ததை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கதவிடுக்கில் நின்று, முதலில் ஏழு விரலைக் காட்டினேன். அப்புறம் இரண்டு. அம்மா பார்த்துவிட்டாள். 'வீட்டுக்கு வா, வச்சிருக்கேன்' என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது. திரும்பவும் போர்வைக்குள் கையை விட்டாள்.

"கால் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? நான் தொடறது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலீங்களே" என்றார் நோயாளி.

"விரலை அசைங்க."

"அசையாதுங்க."

"எப்பலேர்ந்து இப்படி?"

நோயாளி பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"காலைல பஸ்ஸ விட்டு எறங்கி நல்லாத்தாங்க நடந்து வந்தேன்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "சார், ரத்தக்குழாய் அடைச்சிருக்கு! காலைலதான் அடைச்சிருக்கு. ஆறு மணி நேரத்துக்குள்ள திறக்கலைன்னா காலையே எடுக்கணும்!"

"பதறாதீங்க. ஒன்பது பேருக்குக் கிடைச்ச துடிப்பு உங்களுக்கு மட்டும் கிடைக்கலையா?"

"எனக்குக் கிடைக்கல சார். இல்லாததை நான் எங்க போயி எண்றது?"

"நம்பர் எழுதாம எழுந்தா பூஜ்யம்தான்."

அம்மா பேனாவைப் பிடுங்கி, தாளில் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். "போட்டுக்கங்க பூஜ்யம். எனக்கு வேற வேலை இருக்கு."

சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மணி அலறியது. நர்ஸ் ஓடி வந்தார். வாயில் பாதி பிஸ்கட்டோடு சர்ஜன் ஓடி வந்தார். அம்மா போர்வையோடு சேர்த்து நோயாளியை ஸ்ட்ரெச்சருக்குத் தள்ளினாள்.

"டாக்டரம்மா, நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"பேசாதீங்க. தெம்பு வீணாப் போயிரும்."

"இல்லீங்க, இந்தக் கால்..."

"காப்பாத்திரலாம். வழி விடுங்க!"

ஒன்பது டாக்டர்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே தாளைப் பிடித்தபடி பெரிய டாக்டர். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கோபம் என்று நினைத்தேன். நான் அந்தக் கைப்பைக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நிறுத்தினார்.

"நில்லும்மா. பரீட்சை எழுத வந்தவங்க நீங்க."

"பரீட்சை போனாப் போகுது சார். போன கால் திரும்பி வராது!"

பெரிய டாக்டர் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஃபெலோஷிப் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வந்து சேருங்க."

ஒன்பது பேரும் ஒரே குரலில், "எப்படி சார்?" என்றார்கள். என் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அம்மாவுக்கோ எதுவும் காதில் விழவில்லை. "முதல்ல இந்தக் காலைப் பாருங்க சார்!" என்று கத்தினாள்.

நோயாளி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். போர்வைக்குள் கையை விட்டு ஏதோ வாரை அவிழ்த்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும், காலுறையோடு சேர்த்து, அம்மாவின் கையில் கொடுத்தார்.

"ஆபரேஷனுக்கு இத எடுத்துக்கிட்டுப் போங்க டாக்டரம்மா, நான் அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். ஆனா ஒண்ணு, ஒன்பது பேரு எண்ணி எழுதினதுல, இந்த ரப்பர் காலுக்கு உசுரு இருக்கோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க!"