மருதங்கோட்டாருக்கு மூன்றாவது நாற்காலி

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் சித்தார்த்தன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் வார இதழில் ‘உறைக்குள் வாள்’ தொடர்கதை எழுதிவரும் கல்யாணராமன் பயபக்தியுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டுகிறேன். நான் சௌக்கியமில்லை. இதைக் குளியலறையில், கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு இது ஒன்றுதான்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் ஐந்து உயர்குடிகள் கூடி, இனி வாளெடுப்பதில்லை, எதுவானாலும் பேசித் தீர்ப்பது என்று சபதம் செய்வதாக நான் எழுதியதை, ‘அகிம்சைக் காவியம்’ என்று தாங்கள் பாராட்டினீர்கள். அகிம்சையுமில்லை, காவியமுமில்லை. எனக்கு ரத்தம் ஆகாது. போன வருஷம் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்க வந்த பெண் பஞ்சை நனைத்ததுமே நான் விழுந்துவிட்டேன். ஊசியை அவள் இன்னும் பிரிக்கவேயில்லை. அப்படிப்பட்டவன் போர்க்களத்தை எங்கே எழுதுவது? அதனால்தான் எட்டு மாதமாக என் வீரர்கள் குதிரையில் ஏறுகிறார்கள், பேசுகிறார்கள், இறங்குகிறார்கள். நொச்சிக்குப்பத்து ஆட்டோக்காரர் பிரபு வாராவாரம் படித்துவிட்டு, “இன்னா சார், பேசிக்கினே கீறானுங்க, எப்பத்தான் குத்திக்குவானுங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வினை சென்ற இதழில் வந்தது. சமாதான விருந்தில் மருதங்கோட்டார் தலைவரை மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அவருக்கு அன்றைக்கு வசனம் கிடையாது. திங்கட்கிழமை காலை வாசல் மணி. என் மனைவி தாரணி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “ஆறு பேர் வந்திருக்கா. கையில அல்வா வச்சிண்டிருக்கா. ஆனா மூஞ்சியப் பார்த்தா அல்வா சாப்பிடறவா மாதிரி இல்லை” என்றாள். முன்னால் நின்றவர் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம்.

“நாங்கதான் மருதங்கோட்டார். எங்க பாட்டனார மூணாவது நாக்காலியில உக்கார வச்சிருக்கீக. இது எந்த ஊரு நியாயம்?”

ஐயா, அது கற்பனைப் பெயர், விடியற்காலைக் கனவில் வந்தது, எந்தக் குலத்தையும் குறிப்பதில்லை என்று கபாலீஸ்வரர் சாட்சியாகச் சொன்னேன். “கனவுல வந்திருந்தாலும் எங்க பாட்டனாரு முத நாக்காலியிலதான் வந்திருப்பாரு” என்றார். அடித்துவிடாதீர்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “அடிக்கதா? எங்க வம்சத்துலயே கை நீட்டுத பழக்கம் கிடையாது சார். உங்க கதையில உள்ளதுதான். உக்காந்து பேசுவோம். தீருத மட்டும் பேசுவோம்.”

பேசினார்கள், சார். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் ஆரம்பித்தார். அவ்வளவும் மரியாதையாக, அவ்வளவும் ‘நீங்க’ போட்டு. தாரணி ஆறு பேருக்கும் சாதம் வடித்தாள். சாயங்காலக் காபிக்கும் இருந்தார்கள். மறுநாளும் அல்வாவோடு வந்தார்கள். வாளால் வெட்டினால் ஒரே வெட்டு, போய்ச் சேர்ந்துவிடலாம். இதற்கு முடிவே கிடையாது. செவ்வாய் இரவு கையைக் கூப்பி, அடுத்த அத்தியாயத்தில் முதல் நாற்காலி உங்களுக்கே என்று வாக்கு கொடுத்துவிட்டேன்.

புதன் காலை மறுபடி மணி. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாலகணேஷ், பின்னால் ஐந்து பேர், எல்லார் கையிலும் அல்வா. “நாங்க கூவைக்குளத்தார். முத நாக்காலி கதையில எங்களுக்குள்ளதுல்லா? அத அவுகளுக்குத் தூக்கிக் குடுக்கப்போறீகன்னு கேள்விப்பட்டோம். பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. பேசத்தான் வந்தோம்.” இரவு நான் கொடுத்த வாக்கு காலைக்குள் இவர் காதுக்கு எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை.

என் கதையில் வரும் ராஜதந்திரத்தையே கையாண்டேன். ராயப்பேட்டையில் ஒரு வட்ட மேஜை வாடகைக்கு எடுத்து, எங்கள் கூடத்தில் போட்டு, வியாழக்கிழமை இரண்டு தரப்பையும் கூப்பிட்டேன். வட்டத்தில் முதல் இடம் எது, கடைசி இடம் எது? உள்ளே நுழைந்ததும் இரண்டு பெரியவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலிக்கு இருவரும் ஒரே சமயத்தில் நடந்தார்கள்.

“அன்னைக்குப் பந்தியிலயும் இப்படித்தான முந்துனீக?” என்றார் சண்முகசுந்தரம்.

“முந்தி என்ன கண்டோம்? உங்க ரசத்தக் குடிச்சிட்டு எங்க மச்சான் ரெண்டு நாள் எந்திரிக்கல” என்றார் பாலகணேஷ்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்திய விருந்தின் ரசத்தை இரண்டு குலங்கள் இன்னும் மறக்கவில்லையே, நான் கற்பனை என்று நினைத்ததெல்லாம் சரித்திரமாக இருக்கிறதே என்று நின்றுகொண்டிருந்தபோது, இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

“ஒரு விஷயத்துல மட்டும் நாங்க ஒத்துப்போறோம், சார்” என்றார் சண்முகசுந்தரம். “ஞாயித்துக்கெழம ரெண்டு குடும்பமும் வாரோம். நீங்க எங்க கண்ணு முன்னால எழுதுங்க. ஒரு வரி எழுதுங்க, பேசுவோம். அடுத்த வரி எழுதுங்க, பேசுவோம்.”

ஆகவே தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நாளைக்குள் ஒரு போருக்கு அனுமதி கொடுங்கள். யானை, தீ, வெள்ளம், எதுவானாலும் சரி. ஐந்து குடியும் ஒரே அத்தியாயத்தில் அழியட்டும், நாற்காலிகள் முதலில் எரியட்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறேன். தாரணி பக்கத்தில் விசிறியோடு நிற்கச் சம்மதித்திருக்கிறாள்.

தங்கள் பத்திரிகை பல்கிப் பெருகட்டும். தங்கள் வாசல் மணி என்றைக்கும் ஒலிக்காதிருக்கட்டும்.

இங்ஙனம்,
நடுக்கத்துடன்,
கல்யாணராமன்.

பின்குறிப்பு: சேர்ந்துபோன அல்வாவில் பாதியைத் தங்களுக்கு பிரபுவின் ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். அது இருக்கும் மஞ்சள் பையைத் தாங்கள் எப்படியும் படிப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அது தாம்பூலப் பை. ஒரு பக்கத்தில் ‘மருதங்கோட்டார் – கூவைக்குளத்தார் இல்லத் திருமணம்’ என்றும், மறுபக்கத்தில் ‘கூவைக்குளத்தார் – மருதங்கோட்டார் இல்லத் திருமணம்’ என்றும் அச்சடித்திருக்கிறது. “மூணு வருஷம் முன்னாடி மாடியாத்து மாமி இந்தக் கல்யாணத்துக்கு நம்மளையும் கூட்டிண்டு போனாளே, நீங்ககூட ரெண்டாந்தரம் பாயசம் கேட்டேளே” என்று கதவுக்கு வெளியிலிருந்து தாரணி ஞாபகப்படுத்துகிறாள். இந்த எட்டு மாதமும் அந்தப் பை என் எழுதும் மேஜைக்கு நேர் எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.