லைட்டு பாயும் கட்டையனும்

பெட்ரோமாக்ஸ் விளக்குக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று நம்பியவர் பூலோகத்தில் ஒருவர்தான். கோவளத்தில் வாடகை விளக்குக் கடை வைத்திருந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எல்லோருக்கும் அவர் லைட்டு பாய்.

ஐம்பதுகளில், மாசி மாதம் வந்தால் மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் நாங்கள் பாட்டு விழா நடத்துவோம். நாங்கள் என்றால், சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், மளிகைக் கடைக்காரர்கள், ஒரு தபால்காரர். அடுத்தவர் பாட்டுக்கு அனுமதி இல்லை. இன்னொரு சட்டமும் உண்டு. பாடுகிறவன் வேலை செய்ய வேண்டும், வேலை செய்கிறவன் பாட வேண்டும். முருகன் மேல் உருகிப் பாடிவிட்டு இறங்கியவர் அடுத்த நிமிடம் தண்ணீர்ப் பானை தூக்கிக்கொண்டு போவார். செங்கல்பட்டில் குமாஸ்தாவாக இருந்த நான், தாமதமாக வரும் ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தேன். ரயிலே தேவலை என்றார்கள். எனக்குக் கொடுத்த வேலை, லைட்டு பாய்க்கு ஒத்தாசை.

பாய் வெளிச்சத்துக்காக விளக்கைத் தொங்கவிட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதைக் கொண்டுபோய் அதன் 'உஸ்' சத்தத்தைக் கேட்பார்.

"சார், அந்த வாத்தியார் கொரலு மேல போவும். அவருக்குக் கீச்சானக் கொண்டா. போஸ்ட்மேனுக்குக் கட்டையன் போதும்."

கீச்சான், கட்டையன் எல்லாம் விளக்குகளின் பெயர்கள்.

"விளக்குக்கு ஏது பாய் சுருதி?"

"காது கீதில்ல சார்? வச்சிக் கேளு."

வைத்துக் கேட்டேன். காது சுட்டதுதான் மிச்சம்.

இத்தனை ஞானம் இருந்தும் பாய் ஒரு வருஷமும் பாடவில்லை. பெயர் கூப்பிடும்போதெல்லாம், "லைட்ட யாரு பாத்துக்குவாங்க? காத்து எறங்கிகினு கீது" என்று தோப்பின் மறுகோடிக்கு ஓடிவிடுவார். அதுவும் பொய்யில்லை. ஒன்றுக்குக் காற்றடித்து முடிப்பதற்குள் இன்னொன்று மங்கும். ஆனால் விளக்கடியில் நின்று ஏதோ முனகுவார், நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவார். இந்த மனிதரிடம் பாட்டு இருக்கிறதா, இல்லையா? இந்தக் கேள்வி என்னை அரித்தெடுத்தது. கருவாட்டு வியாபாரியான அவருடைய மைத்துனருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "மச்சானுக்கு இன்னா பாட்டுத் தெரியும்? வெளக்குத் தூக்கப் போறாரு" என்று கோவளம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பாய்க்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வருஷம் தோப்புக்குக் கரண்டு வந்தது. விழாக் காரியதரிசியான தமிழ் வாத்தியார் பாயைக் கூப்பிட்டார்.

"இனிமே உங்களுக்கு லைட் வேலை கிடையாது. இந்தத் தடவை பாடியே ஆகணும். இல்லேன்னா சட்டப்படி பேரை எடுத்துடுவேன்."

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. விழாவன்று சலவைச் சட்டை, அத்தர், பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் என்று வந்து இறங்கினார். மைத்துனர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பாய் மேடையேறி வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையைப் பிடித்தார். பாய் தலையை ஆட்டினார். அடுத்த கட்டை. அதுவும் இல்லை. ஆர்மோனியத்தில் கட்டைகளே தீர்ந்துவிட்டன. கூட்டம் சிரித்தது. மைத்துனர் எழுந்து துண்டை உதறினார். பாயின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மேடையோரம் ஓடினேன். "என்ன பாய் ஆச்சு?"

"ஒரே அமைதியா கீது சார். கட்டையன் இல்லாம எப்பிடிப் பாடறது? பாட்டெல்லாம் அவங்கிட்டதான கட்டுனேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் கட்டையனுக்குக் காற்றடித்துக்கொண்டே கட்டிய பாட்டு. அந்த 'உஸ்' இல்லாமல் முதல் அடியே எழும்பவில்லை.

"கட்டையன் எங்கே?"

"மேடைக்கு அடியில கீறான். கரண்ட நம்பி வர முடியுமா?"

சாக்கைப் பிரித்து விளக்கை வெளியே எடுத்தேன். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது காரியதரிசி வந்து நின்றார்.

"பட்டப்பகல் மாதிரி பல்பு எரியுது. இது எதுக்கய்யா?"

"வெளிச்சத்துக்கு இல்லை சார், சுருதிக்கு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.

கட்டையன் உஸ்ஸென்று எழுந்தான். பாய் கண்ணை மூடினார்.

"ஊரான் கல்யாணத்துக்கு ஒளி கொடுக்கப் போறேன்டி
உன் மொகத்தப் பாக்க மட்டும் வெளக்கு வச்சதில்லேடி"

தோப்பு அடங்கிவிட்டது. கரகரத்த குரல்தான், ஆனாலும் யாரும் அசையவில்லை. நாலு அடி போனதும் குரல் சரியத் தொடங்கியது. பயமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, விளக்கில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது, பாய் விசுவாசமாக அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். பாய்ந்து காற்றடித்தேன். குரல் ஏறியது. நிறுத்தினேன், இறங்கியது. அப்புறம் பாட்டு முடிகிறவரை பம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பாயின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத வூட்லயே பாடக் கூடாதா?" என்றார்.

மைத்துனர் விட்டுக்கொடுக்கவில்லை. "வெளக்கு நல்லாப் பாடுச்சி மச்சான்."

பாய் கோபப்படவில்லை. என்னைக் காட்டி, "சாரு வாசிச்சது எப்பிடி?" என்றார்.

மறுவருஷத்திலிருந்து நான் ரயில் பாட்டைக் கைவிட்டேன். விழாவுக்கே நிம்மதி. "பாட்டு, லைட்டு பாய். பம்பு, குமாஸ்தா சார்" என்று காரியதரிசி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அறிவிப்பார். ஆயுசில் நான் வாங்கிய கைதட்டல் அவ்வளவும் அதில் வந்ததுதான்.

பாய் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. இப்போதும் யார் வீட்டிலாவது பம்பு ஸ்டவ் இரைகிற சத்தம் இறங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கூச்சப்படாமல் அடுப்படிக்குள் போய் நாலு தடவை காற்றடித்துவிட்டு வருவேன். பாய் பாதிப் பாட்டில் நிற்கக் கூடாது.